கெட்டிமேளம் கொட்டினால் நகர மாட்டேன்

அலுவலக வேலையை விட்டுவிட்டுப் புகைப்படமெடுப்பதையே தொழிலாக்கிய பிறகு, நான் தனியாக எடுத்த முதல் கல்யாணம் சிங்கப்பூரில், கேலாங் வட்டாரத்தில் ஒரு கோயிலில் நடந்தது. கெட்டிமேளம் கொட்டியதும் மாப்பிள்ளையின் மாமா கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா, ஒரே ஒரு போட்டோ லா."

பெரியவராயிற்றே என்று நகர்ந்தேன். அதற்குள் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிட்டார். அவசரமாக எடுத்த என் படத்தில் மாமாவின் முதுகுதான் இருந்தது.

நல்லவேளையாக, மற்ற இரண்டு முடிச்சுகளை நாத்தனார்தான் போட வேண்டும். அவர் குனிவதற்குள் மணமேடையின் பின்பக்கமாக ஏறிவிட்டேன்.

"பொம்பளப் பிள்ளை மேடையில ஏறலாமா?" என்று மாமா சத்தம் போட்டார்.

"என் வேலை இங்கதான் அங்கிள்" என்று சொல்லிவிட்டு எடுத்தேன். மஞ்சள் கயிறும் நாத்தனாரின் விரல்களுமாக விழுந்த அந்தப் படத்தைத்தான் மணப்பெண் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறாள்.

இப்போதெல்லாம் இரு வீட்டாரிடமும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "கெட்டிமேளம் கொட்டுறப்ப என் முன்னால யாரும் நிக்கக்கூடாது. எவ்வளவு பெரியவங்களா இருந்தாலும் நான் நகர மாட்டேன்." முகம் சுளிப்பவர்களுக்கு மாமாவின் முதுகைக் காட்டுகிறேன்.