பொட்டு வைத்த டிவிடி

என் மகள் முதன்முறையாக நடந்தபோது அவளுடைய அப்பா கடலில் இருந்தார். சரவாக் கரைக்கு அப்பால் எண்ணெய் மேடைகளைப் பழுதுபார்க்கப் போகும் கப்பலில் அவருக்கு வேலை. பத்து வாரம் அங்கே, நான்கு வாரம் வீட்டில். கப்பலில் வரிசையில் நின்றால் ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசலாம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் செய்தியைச் சொன்னேன்.

"எத்தன அடி?" என்றார்.

"ஏழு. எட்டுன்னும் சொல்லலாம். எட்டாவதுல விழுந்துட்டா."

"நான் வர்றப்ப ஓடிட்டு இருப்பா போல." அவள் பிறந்தபோதும் அவர் கடலில்தான் இருந்தார். முதல் பல் வந்தபோதும் அப்படியே.

"கேமராவுல எடுத்திருக்கேங்க," என்றேன்.

"எடுத்தியா!" ஃபோனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "அப்ப டிவிடியா போட்டுக் குடு. எங்கூட வேல செய்ற நம்ம புக்கிட் பாரு ஆளு லீவு முடிஞ்சு சனிக்கிழமை கிளம்புறான், கொண்டு வந்துடுவான். இங்க கம்ப்யூட்டரெல்லாம் தொட விட மாட்டானுங்க. சாப்பாட்டு ரூம்ல ஒரு டிவிடி பிளேயர் இருக்கு, அதுல பாத்துக்கிறேன்."

அந்த நண்பருக்குப் பிறகு அந்தக் கப்பலுக்கு எங்களூர் ஆள் யாரும் போகப்போவதில்லை. அன்று புதன்கிழமை.

நாடு ஐம்பதாவது சுதந்திர தினத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாதம் அது. மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வரிசையில் கொடி கட்டாத வீடே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா கையில் ஒரு காகிதக் கொடியை ஆட்டி, "மாரி, மாரி" என்று கூப்பிட்டபோதுதான் மகள் நாற்காலியை விட்டுவிட்டு நடந்தாள். அந்த அம்மா மலாக்காச் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியில் பிறந்தவர். கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். வா என்று அவர் மலாயில் கூப்பிட்டது மகளுக்குப் புரிந்ததோ இல்லையோ, கொடி புரிந்துவிட்டது. நான் கேமராவைக் கையில் வைத்திருந்தது தற்செயல்தான். ஆறு சிறிய கோப்புகள், எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம் வரும்.

டிவிடியில் போடுவது சுலபம் என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை காலை ஆறு கோப்புகளையும் அப்படியே ஒரு தட்டில் ஏற்றினேன். எங்கள் வீட்டு பிளேயரில் அழகாக ஓடியது. பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மாவின் பழைய பிளேயர் தட்டை உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் முனகி, தட்டே இல்லை என்று எழுதிக் காட்டியது.

"ரோசாக்," என்றார் அந்த அம்மா, கெட்டுப்போச்சு என்று. பிளேயரைச் சொன்னாரா, என் தட்டையா என்று தெரியவில்லை.

அன்று மாலை கணவர் ஃபோனில் வந்ததும், அங்கே இருக்கும் பிளேயர் புதுசா பழசா என்றுதான் முதலில் கேட்டேன். கப்பலில் இருப்பதும் பழசுதான் என்றார். இணையத்தில் தேடி, நான்கு பக்கம் அச்சடித்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் அடிக்கோடிட்டுப் படித்தேன். புதிய பிளேயர்களுக்குக் கோப்பாகவே கொடுத்தாலும் படிக்கத் தெரியும். பழசுக்குத் தெரியாது. அதற்குப் புரிகிற படமாக முதலில் மாற்ற வேண்டும், பிறகு டிவிடிக்கு உரிய அடுக்கில் வைக்க வேண்டும், கடைசியில்தான் தட்டில் பதிக்க வேண்டும், எரிப்பது என்று அதற்குப் பெயர்.

வெள்ளிக்கிழமை காலை தொடங்கினேன். மென்பொருள் எடுத்த எடுப்பிலேயே எந்தத் தொலைக்காட்சி முறை, 'பால்' முறையா, என்டிஎஸ்சி முறையா என்று கேட்டது. மலேசியத் தொலைக்காட்சிக்கு பால் என்று அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அதையே கொடுத்தேன். நாற்பது சதவீதம் போனபின் சந்தேகம் வந்தது. சரவாக்கும் மலேசியாதான், ஆனாலும் அங்கே போக நாமே அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. அங்கே தொலைக்காட்சியும் வேறாக இருந்துவிட்டால்? நிறுத்தினேன். நான்கு பக்கத்தையும் மறுபடி படித்தேன். ஒரே நாடு, ஒரே முறை. மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கினேன். என் கல்லூரிக் காலத்துக் கணினி அது. நான்கு நிமிடப் படத்தை மாற்றவே அரை நாள் எடுத்துக்கொண்டது.

இரண்டு மணிக்கு அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா; எங்களோடுதான் இருந்தார், பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல். தம்பிக்கு அனுப்பும் எதிலும் அவர் கை படாமல் போகாது.

"காலையிலேர்ந்து இதையேதான் மொறச்சிக்கிட்டு இருக்கியா?"

"மாறிக்கிட்டு இருக்கு அண்ணி. முடிஞ்சதும் எரிச்சிடுவேன்."

"எத எரிப்ப?"

"பிள்ள படத்த."

அண்ணி கையிலிருந்த பையை அப்படியே கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பேசுற பேச்சா இது? பெத்த பிள்ள படத்த எரிப்பேன்னு ஒரு தாய் வாயால வருமா? படிச்ச பொண்ணுதான நீ?"

"அய்யோ அண்ணி, அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. மலாய்லகூட பாக்கார்னுதான்..."

வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா தலையை நீட்டினார். "பாக்கார் அப்பா? ஈக்கான்?" என்ன சுடுகிறீர்கள், மீனா என்று கேட்டார்.

"மீனு இல்ல லா, இவ பிள்ளைய!" என்று அண்ணி தமிழிலேயே பதில் சொன்னார். அந்த அம்மா சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார்.

"வேற என்னதான் அண்ணி சொல்லட்டும்?"

அண்ணி யோசித்தார். "சுடுறேன்னு சொல்லு. தோச சுடுறோம்ல, அந்த மாதிரி. வட்டமாத்தான இருக்கு."

ஆக, அன்று மாலை ஐந்து மணிக்கு நான் ஒரு டிவிடி சுட்டேன். சூடு ஆறுமுன் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். பழைய பிளேயர் முனகியது. திரை கறுத்தது. பிறகு மகள் வந்தாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கொடியைப் பார்த்துக்கொண்டு. அந்த அம்மா தன் கையைத் திரையில் கண்டதும் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டார். நானும் அண்ணியும் கைதட்டினோம். மடியிலிருந்த மகளும் எதற்கென்று தெரியாமல் தட்டினாள்.

அத்துடன் நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் சனிக்கிழமை குளித்துவிட்டு வரும்போது, நேற்று ஓடியது இன்றும் ஓடும் என்பதற்கு என்ன உறுதி என்று தோன்றியது. புக்கிட் பாரு நண்பர் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பதினொன்றுக்கு உறையோடு எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அண்ணியும் பின்னால் வந்தார்.

தட்டு இல்லை என்றது பிளேயர்.

வெளியே எடுத்து மறுபடி போட்டேன். இல்லை. மூன்றாவது முறை எடுத்தபோதுதான் திருப்பிப் பார்த்தேன். பளபளக்கும் பக்கத்தில், நடு ஓட்டையைச் சுற்றி, சந்தனமும் குங்குமமுமாக மூன்று பொட்டு. ஈரமாக வைத்து, இரவெல்லாம் காய்ந்து, நன்றாகப் பிடித்திருந்தது. படத்தின் தொடக்கமே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

"நான்தாம்மா," என்றார் அண்ணி. "எரிக்கிறேன் எரிக்கிறேன்னு சொல்லிட்டியா, மனசு கேக்கல. புதுச் சாமான், கடல் தாண்டிப் போவுது."

"இந்தப் பக்கமா அண்ணி வைப்பாங்க?"

"அந்தப் பக்கம் எழுத்தா இருந்துச்சு, முதுகுன்னு நெனச்சேன். இது கண்ணாடியாட்டம் இருந்துச்சா... முகத்துலதான பொட்டு வைப்பாங்க?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மா தட்டை வாங்கித் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார். குங்குமம் கரைந்து தட்டு முழுவதும் ரோஜா நிறமானது. உலர்த்திப் போட்டால் ஓடியது. மூன்றாவது அடியில் மகள் ஒற்றைக் காலில் அப்படியே உறைந்து நின்றாள்.

"நின்னுட்டாளே! இதத்தான் அவன் பாக்கணுமா?" அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொண்ணு எரிம்மா! ஓடு, சீக்கிரம் எரி!"

நல்லவேளை, மாற்றிய படத்தைக் கணினியிலிருந்து நான் அழித்திருக்கவில்லை. எரிக்கக் கால் மணி நேரம்தான் ஆனது. பக்கத்து வீட்டில் முழுவதும் ஓட்டிப் பார்த்தோம், ஏழு அடி, எட்டாவதில் விழுகிறாள். எடுத்த தட்டை அண்ணியிடமே நீட்டி, எழுத்துப் பக்கத்தைக் காட்டினேன். அண்ணி குங்குமத்தைத் தண்ணீர் தொடாமல், ஒரு விரல் நுனியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு பொட்டு வைத்தார். வாசலில் நண்பரின் கார் ஒலி எழுப்பியது.

செவ்வாய்க்கிழமைதான் ஃபோன் வந்தது. நடுவில் கப்பல் ஆடி தட்டு உடைந்திருக்கும் என்றும், பிளேயர் கெட்டிருக்கும் என்றும், இன்னும் நான்கு விதமாகவும் நான் நினைத்து முடித்திருந்தேன்.

"ஓடுச்சா?" என்றேன், ஹலோ சொல்வதற்குள்.

"எத்தன தடவ ஓடுச்சுன்னு கேளு! சாப்பாட்டு ரூமே எந்திரிச்சு நின்னு தட்டுச்சு. சமையல்காரர் அவ விழுந்ததும் அழுதுட்டாரு. எல்லாரும் உம்மக பேரையும் கத்துக்கிட்டானுங்க."

"பேர நீங்க சொன்னீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? படத்துலதான் வருதே. 'பாத்து பாத்து'ன்னு நாலு நிமிசமும் நீ கத்திக்கிட்டே இருக்க. மத்தவனுங்களுக்குத் தமிழ் தெரியாதுல்ல, அதான் பேருன்னு நெனச்சிட்டானுங்க. இப்ப என்னைப் பார்த்தா, பாத்து எப்படி இருக்கா, பாத்து ஓடுறாளான்னுதான் கேக்குறானுங்க."

அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருந்தேன். திரையில் மகளின் கால்களைத் தவிர வேறெதுவும் எனக்குக் கண்ணிலும் படவில்லை, காதிலும் விழவில்லை. பின்னால் அண்ணி, "என்னவாம், என்னவாம்?" என்று என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே ஃபோனை அவர் காதில் வைத்தேன்.