குண்டசாலைக்கு ஒரு போத்தல் தீர்த்தம்

வெள்ளி, காலை 6.15. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ-9 வீதியில் 321 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடியில் கைப்பை, அதற்குள் சின்னப் போத்தலில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் தீர்த்தம். கண்டியில் என் தங்கை ஜெசிந்தாவின் நான்கு மாதக் குழந்தைக்கு மறுநாள் இருதயத்தில் சத்திரசிகிச்சை. அவனுக்கு இன்னும் ஞானஸ்நானம் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு கணவனோடு அவளும் மோர்மன் சபையில் சேர்ந்துவிட்டாள். அவர்கள் கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை.

மாத்தளை வரை பொறுத்துக்கொண்டேன். அக்குறணை நெரிசலில் அரை மணி நேரம் பஸ் அசையாமல் நின்றபோது, இறங்கி நடந்தே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

பிற்பகல் 2.40. கண்டி. குண்டசாலைக்கு முச்சக்கர வண்டி 1,200 ரூபாய். சாரதி கண்டி நகரத்து மஹய்யாவவைச் சேர்ந்த தமிழர்.

"கெதியாப் போங்கோ, தம்பி."

"போயிரலாங்க்கா. ஆஸ்பத்திரிக்குங்களா?"

"இல்லை, தங்கச்சி வீட்டுக்கு."

"தங்கச்சி வீட்டுக்குப் போறதுக்கா இந்தப் பதட்டம்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3.20. தங்கை மல்லித்தண்ணி தந்தாள். மோர்மன்காரர் தேநீர் குடிக்க மாட்டார்கள். மலைநாட்டுக்கு வந்தும் தேத்தண்ணி கிடைக்காத வீடு என்று கேலி செய்தேன். அவள் சிரித்து முடிப்பதற்குள் வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"நாளைக்கு அவனைக் கொண்டுபோக முதல் தண்ணி ஊத்துவம், ஜெசி. ஜென்மப் பாவத்தோட அனுப்பாத."

"ஆதாமின்ர பிழைக்கு என்ர பிள்ளை என்ன செய்யும், அக்கா? எட்டு வயசு வரைக்கும் பாவம் எண்ட கதையே இல்லை. எட்டு வயசில அவன் விரும்பினால் எடுக்கட்டும்."

"அவன் பிழை செய்தவன் எண்டு ஆர் சொன்னது? ஆதாம் துலைச்ச அருளைத் திருப்பிக் குடுக்கிறதுதான் ஞானஸ்நானம்."

"அப்ப ஏன் இப்பிடிப் பயந்தடிச்சு ஓடி வந்தனீங்கள்?"

பன்னிரண்டு வருடமாக ஞாயிறு தோறும் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் நான். மல்லித்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன்.

"நான் சபை மாறினதாலதான் பிள்ளைக்கு இப்பிடி எண்டு ஊரில கதைக்கினமாம்," என்றாள். "அவனில ஒரு பாவமும் இல்லை எண்டதைப் பிடிச்சுக்கொண்டுதான் இவ்வளவு நாளும் இருக்கிறன். அதைப் பறிக்காதேங்கோ. ஊத்த மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"ஊத்த மாட்டன்," என்றேன்.

மாலை 5.10. அவள் குளிக்கப் போனாள். கணவர் மறுநாள் ஏற்பாடுகளுக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வெளியே தூறல். குழந்தையின் உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. சாகும் ஆபத்தில் பெற்றோர் சம்மதம் தேவையில்லை, குருவானவரும் தேவையில்லை, யாரும் கொடுக்கலாம்: வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். போத்தலைத் திறந்து மூன்று முறை ஊற்றினேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே. அவன் தும்மினான். சேலைத் தலைப்பால் துடைத்தேன், முடி காயவில்லை.

ஜெசி வந்து அவனைத் தூக்கினாள். தலையில் வைத்த கை அப்படியே நின்றது.

"வேர்த்திருக்கு," என்றேன், அந்தக் குளிரில். அவள் துவாயால் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

சனிக்கிழமை சத்திரசிகிச்சை நான்கு மணி நேரம் நடந்தது. ஆஸ்பத்திரி நடையில் நான் நடந்த தூரத்தை வரிசையாகப் போட்டால் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் வந்திருக்கலாம். பிழைத்துவிட்டான் என்று டொக்டர் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வார்டில் தாய்க்கு மட்டும் அனுமதி. நான் சமைத்துச் சாப்பாடு கொண்டுபோய் வாசலில் கொடுத்தேன். பத்தாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் காலை 6.30. புறப்பட்டேன். குழந்தைக்கு நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நம்புகிறேன். தங்கைக்குக் கொடுத்த வாக்கை மீறியது மட்டும் என் சொந்தப் பாவம். அதை ஆதாமின் தலையில் போட முடியாது. இருந்தும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வாசலில் நின்று, ஒருமுறை தூக்கிக் கொஞ்சலாம் என்று கையை நீட்டினேன்.

ஜெசி அவனைத் தன் தோளோடு இறுக்கி ஓர் அடி பின்னால் போனாள்.

"நித்திரை கொள்றான், அக்கா," என்றாள்.

அவன் இரண்டு கண்களையும் அகலத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.