டீசல் புனலில் ஊற்றிய டெஃப்

அடையாற்றில் வண்டி ஆயில் விற்கும் கடையில் நான் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, பாஷா பாயின் மீன் வண்டி முக்கி முனகிக்கொண்டு வந்து நின்றது. முன் சீட்டில் பட்டினப்பாக்கம் கஸ்தூரி அக்கா. பின்னால் இருந்த மீன் பெட்டிகள் அவருடையவை.

"இன்னா பாய், நடந்து போனாக்கூட முன்னாடி போயிருப்பேன் போலக்கீது."

"யூரியா தீந்துடுச்சுக்கா. அஞ்சே நிமிஷம்."

"பத்து மணிக்கு மீனு வரலன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்னு சொல்லிக்கீறான் கொட்டிவாக்கம் ஹோட்டல்காரன். பாத்துக்கோ."

டிரைவர்கள் யூரியா என்று சொல்வது டெஃப் என்ற திரவத்தை. புது டீசல் வண்டிகளில் நீல மூடி போட்ட தனி டேங்கில் ஊற்றுவது. புகையில் உள்ள நச்சைக் குறைக்கும். தீர்ந்தால் வண்டி இழுக்காது.

கையில் கிடைத்த புனலை வைத்துப் பத்து லிட்டர் ஊற்றினேன். காலையில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிய புனல் அது. துணியால் துடைத்திருந்தேன், போதும் என்று நினைத்தேன். புனலை எடுத்தபோது விளிம்பில் எண்ணெய் பலநிறமாக மினுங்கியது. டெஃப்பில் துளி டீசல் கலந்தாலும் பம்ப், சென்சார் எல்லாம் போய்விடும் என்று முதல் நாளே முதலாளி சொல்லியிருந்தார்.

சாவி போடாதவரை கலந்த டீசல் டேங்கிலேயே இருக்கும். போட்டால் பம்ப் உறிஞ்சிவிடும். பாஷா பாய் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். பனியன் கம்பெனி, தி.நகரில் துணி மூட்டை, லாரி கிளீனர் என்று எங்கும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. தப்பு நடந்தால் மறுநாள் அந்தப் பக்கம் போகமாட்டேன். எதிரிலேயே பஸ் ஸ்டாப். பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது.

"பாய், சாவி போடாதீங்க! டீசல் புனல்ல ஊத்திட்டேன்."

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். அக்கா இறங்கி வந்தார்.

"கண்ண எங்க வெச்சிக்கினு ஊத்துன? எவன் பொழப்புல எவன் மண்ணப் போடுறது?"

திட்டிக்கொண்டே ஓர் ஆட்டோவை மறித்தார்.

"நாத்தம் போவாதும்மா" என்றான் ஆட்டோக்காரன்.

"மீனு பின்ன மல்லிப்பூ வாசனையா அடிக்கும்? ஏத்துய்யா!"

பெட்டிகளை நான்தான் தூக்கி வைத்தேன். ஐஸ் தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது.

டேங்கின் அடி போல்ட்டைக் கழற்றி வடித்து, பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீரால் மூன்று முறை, டெஃப்பால் ஒரு முறை கழுவி, புதிதாக ஊற்றி முடிக்க மதியமாகிவிட்டது. சாவி போட்டுச் சற்று நேரம் கழித்து எச்சரிக்கை விளக்கு அணைந்தது.

"அடுத்த தபா நானே ஊத்திக்கிறேன்" என்றார் பாஷா பாய். இன்றுவரை அவரேதான் ஊற்றுகிறார்.

அக்கா பத்தரைக்குத்தான் போய்ச் சேர்ந்தார். ஹோட்டல்காரர் அன்றைக்கு வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து பாதி மீன் வேறு ஆளிடம். அதற்கு நான் செய்ய ஒன்றுமில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் டெஃப்புக்குத் தனிப் புனல் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மீறித் தப்பு நடந்தால் சாவி திரும்புவதற்குள் சொல்லிவிடுங்கள். திட்டு விழும், அரை நாள் போகும். வண்டி பிழைக்கும்.