கார் ஷெட்டின் தொட்டாற்சிணுங்கி

மேற்குத் தாம்பரத்தில் ஹில்டாவின் வீட்டு வாஷிங் மெஷின் கார் ஷெட்டில்தான் இருந்தது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியையான அவர் ஈரக் கையோடு அதைத் தொட்டபோதெல்லாம், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை சுருக்கென்று ஏறியது. கணவர் சுந்தர்சிங்கிடம் சொன்னார். ரப்பர் செருப்புக் காலோடு வந்து மெஷினைத் தட்டிப் பார்த்த சுந்தர்சிங், தமக்கு ஒன்றும் ஏறவில்லை என்றும், வயதானால் நரம்பு அப்படித்தான் என்றும் முடிவு கூறினார்.

மழைக்காலத்தில் ஷெட் சுவரின் ஈரம் பிளக் பாயின்ட்டுக்குள் இறங்கியது. கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தது. டிவியில் கிரிக்கெட் பாதியில் நின்றது. சுந்தர்சிங் அந்த சுவிட்சுக்குத் தொட்டாற்சிணுங்கி என்று பெயர் வைத்தார். வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர்களிடம், "எங்க வீட்ல ரெண்டு தொட்டாற்சிணுங்கி. ஒண்ணு போர்டுல, ஒண்ணு கிச்சன்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹில்டா டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு சுந்தர்சிங் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்த சுவிட்சை விலக்கிவிட்டு நேர் இணைப்பு கொடுக்கச் செய்தார். கிரிக்கெட் தடைபடவில்லை. ஹில்டாவுக்கு ஏறியது மட்டும் கூடிற்று. ஒருநாள் மெஷினைத் தொட்ட கை தூக்கியடிக்க, கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. சோப்புத் தண்ணீரில் வழுக்கிவிட்டதாக மருத்துவரிடம் சுந்தர்சிங்கே பதில் சொன்னார். கட்டுப் பிரித்தபின், ஹில்டா மர அகப்பையின் காம்பால் மெஷினின் பொத்தானை அழுத்தப் பழகிக்கொண்டார். அதற்கும் வீட்டில் ஒரு சிரிப்பு இருந்தது.

நாவலூரில் வேலை பார்க்கும் மகன் ஜோஸ்வின் மின்சாரக் கார் வாங்கினான். கார் ஷெட்டில் பொருத்திய சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி, மின்சாரம் ஏற்ற மறுத்தது. டெக்னீஷியன் அளந்து பார்த்தார். கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்கிவிடும் எர்த்தே வீட்டுக்கு இல்லை. பார்க்கிங் டைல்ஸ் பதித்தபோது எர்த் குழியை மூடியிருந்தார்கள். அடியில் கம்பி அறுந்து கிடந்தது. வாஷிங் மெஷினின் உடம்பிலும் கரண்ட் இருந்தது.

சுந்தர்சிங் பதறிப்போனார். "உடனே பண்ணிடுங்க தம்பி. புது வண்டி, ரொம்ப சென்சிட்டிவ்."

புதிய குழி தோண்டப்பட்டது. பிளக் பாயின்ட் உயரத்துக்கு மாறியது. டிரிப் சுவிட்ச் தன் இடத்துக்குத் திரும்பியது. ஹில்டா டெக்னீஷியனிடம் ஒன்றே ஒன்று கேட்டார், இதெல்லாம் எவ்வளவு நேர வேலை என்று.

"அரை நாள் வேலைதான் மேடம்."

"இனிமே தைரியமா தொடு ஹில்டா," என்றார் சுந்தர்சிங். "ஒண்ணும் ஏறாது."

"கார் சொன்னா கேக்கறீங்க," என்றார் ஹில்டா.

மறுநாள் துணிகளைப் போட்டு மெஷினை மூடினார். அகப்பைக் காம்பாலேயே பொத்தானை அழுத்தினார். பக்கத்தில் கார் பச்சை விளக்கோடு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.