பொட்டலத்துக்கு ஆகாத அட்டைகள்

கொடகவெல கடைத்தெருவில் மயில்வாகனம் என்று கேட்டுப் போனால் ஆள் அகப்படமாட்டார். மாப்பிள்ளை என்று கேட்டால், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஐயாவு முதலாளியின் பலசரக்குக் கடையில் விட்டுவிடும். கலியாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தலை பாதி நரைத்துவிட்டது. மகள் சுஜீதாவுக்கே மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்தாகிவிட்டது. இன்னமும் அவர்தான் மாப்பிள்ளை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே மனிதர், வரக்காப்பொலையிலிருந்து லொறியில் பழைய பேப்பர் கொண்டுவரும் மஹ்ரூப்.

ஐயாவு கெட்டவரல்ல. கெட்டவராக இருந்திருந்தால் மயில்வாகனம் எப்போதோ சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு புத்தகக் கடைக்கு வேலைக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, ஒரே மகள் புஷ்பத்தைக் கொடுத்து, கடை மாடியிலேயே குடிவைத்தவர் அவர். இத்தனை வருஷத்தில் ஒரு சுடுசொல் கிடையாது. வீட்டோடு மாப்பிள்ளைக்கு மீன் வாலைப் போட்டு ஒப்பேற்றுகிற வீடுகள் உண்டு. இங்கே நடுத்துண்டு எப்போதும் அவருக்குத்தான். அப்படிப்பட்டவரிடம் எதைச் சொல்லிக் கோபித்துக்கொள்வது?

எல்லாம் கலியாணத்துக்கு மறுநாள் தொடங்கியது. ஐயாவு கடைச் சாவியை அவர் கையில் கொடுத்து, முதல் வியாபாரத்தை அவரையே பண்ணச் சொன்னார். மயில்வாகனம் ஒரு கிலோ பருப்பு நிறுத்துக் கொடுத்தார். அன்றைக்கு வியாபாரம் அள்ளிக்கொண்டு போனது. தோட்டங்களில் சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது. யார் கை போணி பண்ணியிருந்தாலும் அள்ளிக்கொண்டுதான் போயிருக்கும். ஆனால் ஐயாவு கண் கலங்கிப் போய், மாப்பிள்ளைக்குக் கைராசி என்று தெரு முழுக்கச் சொன்னார். தொட்டதையெல்லாம் உடைக்கிற கை என்று பெற்ற தாயிடமே திட்டு வாங்கி வளர்ந்த மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்? பூரித்துப் போனார். கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டார். அன்றிலிருந்து கடையைத் திறப்பது அவர் கை, போணி பண்ணுவது அவர் கை, திறந்த கைதான் பூட்டவும் வேண்டும் என்பதால் இரவில் பூட்டுவதும் அவர் கை. உடன்பிறந்த தங்கை கலியாணத்தில்கூடத் தாலி கட்டுகிற நேரத்துக்கு அவர் இல்லை. மத்தியானம் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஓடி வந்தார். இதைச் சிறை என்று சொன்னால் ஊர் சிரிக்கும். பாராட்டிப் பாராட்டியே ஒரு மனிதனைக் கட்டிப்போடலாம் என்பது கட்டுப்பட்டவனுக்குத்தான் தெரியும்.

அந்தக் கட்டுக்குள் அவருக்கென்று அமைந்தது புத்தக அட்டை மட்டும்தான். கடையில் பொட்டலம் கட்டப் பழைய பேப்பர் கிலோக் கணக்கில் வரும். அந்தக் கட்டுகளுக்குள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பஸ் நிலையங்களில் விற்ற மலிவு நாவல்களும் கிடக்கும். ஐயாவு ஒவ்வொன்றாக எடுத்து, முதுகோடு கிழித்து, தாளை ஒரு பக்கம் அடுக்கி, அட்டையைக் குப்பையில் போடுவார். அட்டை மடங்காது, சுருட்டினால் விறைத்துக்கொண்டு நிற்கும், பொட்டலத்துக்கு ஆகாது. அந்த ஆகாத பொருளை மயில்வாகனம் கேட்டு வாங்கிக்கொண்டார். மாமனார் வீட்டில் அவராக வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

மற்றவர்கள் புத்தகம் சேர்ப்பார்கள். இவர் புத்தகம் இல்லாத அட்டை சேர்த்தார். உள்ளே இருந்த கதையெல்லாம் பருப்போடும் கொத்தமல்லியோடும் மலை ஏறி லயங்களுக்குப் போய்விட்டது. பிறகு கொஞ்சம் விவரம் தெரிந்ததும், ஐயாவு கை வைப்பதற்கு முன்னாலேயே முழுப் புத்தகத்தை உருவி ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டார். இருந்தும் கட்டிலுக்கு அடியில் சவர்க்காரப் பெட்டிகளில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் வெறும் அட்டைதான். துப்பாக்கியும் கையுமாக நிற்கும் கறுப்புக் கோட்டுக்காரன், பாழடைந்த பங்களாவின் ஜன்னலில் நிற்கும் சிவப்புச் சேலைப் பெண், கடலில் பாதி மூழ்கிய கார். எவள் யாரைக் காதலித்தாள், காரைத் தள்ளிவிட்டது யார் என்று அவருக்குத் தெரியாது. பொட்டலம் கட்டும்போது கண்ணில் பட்ட நடுப்பக்கங்களை வைத்து ஊகித்துக்கொள்வார். புஷ்பம் இதையெல்லாம் கரப்பான் பூச்சிக்குக் கட்டிய கோயில் என்பாள்.

அட்டைகளில் பலவற்றின் மூலையில் ஒரே கையெழுத்து, வெற்றிலை மாதிரி வளைந்து கிடந்தது. அது யார் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் மஹ்ரூப். வரக்காப்பொலையில் கடைப் பலகை எழுதிப் பிழைத்த விஜேபால என்ற சிங்கள ஓவியர். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாதவர். புத்தகம் போடுகிறவர்கள் வந்து கதையைச் சிங்களத்தில் நாலு வரியில் சொல்வார்களாம், அதைக் கேட்டு வரைவாராம். அவர் செத்துப் பல வருஷமாகிவிட்டது. டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற மகள், அட்டைக்கென்று அப்பா வரைந்த மூலப்படங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். இப்போது வீட்டை விற்றுவிட்டார், மாத முடிவில் வெளிநாட்டிலிருக்கும் மகனோடு போகிறார். எந்தப் படம் எந்தப் புத்தகத்துக்குப் போட்டது என்று காட்டுகிறவர் யாரோ அவருக்கே கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். பேப்பர் வியாபாரியான மஹ்ரூபிடம் ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அந்தப் படங்கள் எந்தப் புத்தகத்துக்கு உரியவை என்று காட்ட இந்த மாகாணத்திலேயே ஒருவரால்தான் முடியும். அவருக்கோ வரக்காப்பொல வரை போய்வர ஒரு முழு நாள் வேண்டும்.

மயில்வாகனம் மூன்று தடவை தொண்டையைச் செருமிவிட்டு மாமனாரிடம் கேட்டார். பௌர்ணமிப் போயா விடுமுறையன்று போய்வரலாமா என்று. ஐயாவு அவரை அன்பாகப் பார்த்தார்.

"தாராளமா போயிட்டு வாங்க மாப்பிள. கடைய அன்னைக்குப் பூட்டிப் போட்டுருவோம்."

அவ்வளவுதான். அந்தக் கடை ஊரடங்கு நாட்களைத் தவிர பகலில் பூட்டியதில்லை. பூட்டினால் வானம் இடிந்து விழுந்துவிடாது. ஆனால் ஐயாவு பூட்டிய கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், வருகிறவர்களிடமெல்லாம் மாப்பிள்ளைக்கு ஒரு அவசரம் என்று சிரித்த முகமாகச் சொல்லுவார். அதைத் தாங்கிக்கொண்டு பஸ் ஏற மயில்வாகனத்தால் முடியாது. பரவாயில்லை மாமா என்று சொல்லிவிட்டு மிளகாய் மூட்டையைப் பிரிக்கப் போனார்.

வழி விட்டது, சுஜீதாவுக்குப் பேசியிருந்த தனுஜன். எம்பிலிப்பிட்டியவில் பெனர் அச்சடிக்கும் கடையில் டிசைன் போடுகிற பையன். கலியாணத்துக்குப் பிறகு அங்கேயே தனிக் கடை போடுவது, சுஜீதா கணக்கு வழக்கைப் பார்ப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். சுஜீதா இதைத் தகப்பனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இந்தக் கடையில் இன்னொரு ஆயுள் உட்கார என்னால் முடியாதுப்பா என்று சொன்னபோது அவள் குரல் உடைந்தது. ஐயாவுக்கு விஷயம் அரசல்புரசலாகத் தெரியும், பிடிக்கவில்லை. படங்களின் கதையைச் சுஜீதா மூலம் கேள்விப்பட்ட தனுஜன், போயாவன்று முதல் பஸ்ஸில் வந்து தானே கடையைத் திறப்பதாகச் சொன்னான். ஐயாவு கொஞ்சம் யோசித்தார். வீட்டுக்கு வரப்போகிற ஆள்தானே என்று தலையாட்டினார்.

ஆக, மயில்வாகனம் போயே போய்விட்டார். அட்டைகளைப் புஷ்பத்தின் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரத்தினபுரி, அவிசாவளை என்று பஸ் மாறி மாறிப் போனார். ஜன்னலோரம் கிடைத்தது. காலை வெயிலில் ஊர்கள் கடை திறந்துகொண்டிருப்பதைத் தாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இவ்வளவு சுலபமா என்று கோபமும் வந்தது.

டீச்சரம்மா அவரை மயில்வாகனம் மஹத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட்டார். பாயை விரித்துப் படங்களைப் பரப்பினார். ஒவ்வொன்றும் அச்சானதைவிட இரண்டு மடங்கு பெரியது, தடித்த பலகை அட்டையில் தீட்டியது. மயில்வாகனம் தம்முடைய அட்டைகளை எடுத்து, உரிய படத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். கறுப்புக் கோட்டுக்காரன் சேர்ந்தான், சிவப்புச் சேலைக்காரி சேர்ந்தாள். தலைப்பை வாசித்து, தமக்குத் தெரிந்த அளவுக் கதையைச் சிங்களத்தில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். அப்பா வரைந்தவற்றுக்குப் பெயர் என்ன என்று அந்த அம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒரு படத்தில் மயில்வாகனம் அசையாமல் நின்றுவிட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடும் ஓர் இளைஞன். அந்த அட்டை அவரிடம் வெகுகாலமாக இருக்கிறது. அவன் எதைப் பார்த்து ஓடுகிறான் என்று தெரியாதபடி மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு மறைத்திருக்கும். போலீசுக்குப் பயந்து ஓடுகிறவன் என்றுதான் அவர் நினைத்திருந்தார். மூலத்தில் எழுத்து இல்லை. அந்த இடத்தில் கதவு திறந்தபடி ஒரு பஸ் நின்றது, படியில் நின்ற நடத்துனர் கையை நீட்டிக்கொண்டிருந்தான். எழுத்து வந்து மூடிவிடும் என்று தெரிந்தும் அப்பா எந்த இடத்தையும் வெறுமனே விடமாட்டார் என்றார் டீச்சரம்மா. மயில்வாகனத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிளேன்டீயைக் கேட்டு வாங்கிக் குடித்துச் சமாளித்தார்.

படங்களைக் கட்டிச் சுமந்துகொண்டு கொடகவெலையில் இறங்கும்போது கடையைப் பூட்டுகிற நேரம். பாதிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஐயாவு, புஷ்பம், சுஜீதா, தனுஜன் எல்லோரும் இருந்தார்கள். ஐயாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. காலையில் தனுஜன் போணி பண்ணிக் கை எடுக்கவில்லை, ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாக் கமிட்டி டிராக்டரோடு வந்து அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் என்று கடையில் பாதியைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டதாம். அந்தக் கமிட்டி இதுவரை கடைப்பக்கம் வந்ததே கிடையாது.

"பெரிய மாப்பிள கை மாதிரியே இருக்கு இந்தக் கை," என்றார் ஐயாவு, தனுஜனின் கையைத் தடவியபடி. "கடைக்கு ஆள் கெடைச்சிருச்சு. நீங்க இனிமே படம் பாக்கவோ எங்கயோ ஒங்க இஷ்டத்துக்குப் போயிட்டு வாங்க."

தனுஜன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். காது மடல் சிவந்திருந்தது. சாவி அவன் மடியில் கிடந்தது. மயில்வாகனம் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். கண்ணாடியில் பார்க்கத் தேவையில்லை, அந்தச் சிரிப்பு அவருக்கு நன்றாகவே தெரியும். சுஜீதாவைப் பார்த்தார். அவளும் சிரிக்க முயன்றுகொண்டிருந்தாள், உதடு மட்டும் ஒத்துழைக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு மாடி ஏறினால் போதும். இனி எந்தப் போயாவுக்கும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கொழும்புக்குப் போகலாம், பழைய புத்தகக் கடைகளில் நாள் முழுக்க நிற்கலாம், உள்ளே போன கதைகளையெல்லாம் தேடிப் பிடிக்கலாம். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அவருக்கு அந்த ஆசை தொண்டை வரைக்கும் வந்தது. பையன் இளவட்டம், தாங்குவான் என்றுகூட நினைத்தார்.

படக்கட்டை இறக்கிவைத்தார்.

"அந்தக் கமிட்டிக்காரங்க போன கெழமையே எனக்கு ஃபோன் பண்ணிட்டாங்க மாமா. நான்தான் போயாவுக்கு வரச் சொன்னேன். இது தம்பி கைராசி இல்ல."

அப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வரவே இல்லை. முழுப்பொய். அந்தக் கமிட்டியில் அவருக்கு ஒருவரையும் தெரியாது.

ஐயாவு பெருமூச்சு விட்டார். ஏமாற்றம் கொஞ்சம் இருந்தது, அதைவிட நிம்மதி அதிகம் இருந்தது. அதுதானே பார்த்தேன், கை அப்படிச் சட்டென்று மாறாதே என்று சொல்லி, தனுஜனின் மடியிலிருந்த சாவியை எடுத்து மயில்வாகனத்தின் கையில் கொடுத்தார். தனுஜனின் முகம் செத்துப்போயிற்று. யாரிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்குப் போனான்.

மாடியில் புஷ்பம் அடிக்குரலில் கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல பேரு வர்றது ஒங்களுக்குப் பொறுக்கலையா? இத்தன வருஷம் ஒங்களத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடுனதெல்லாம் பத்தாதா?"

அவர் என்ன சொல்லுவார்? உண்மையைச் சொன்னால் அது அடுத்த நிமிஷம் ஐயாவு காதுக்குப் போய்விடும், சாவி திரும்பவும் பையனிடம் போய்விடும். பொறாமை பிடித்த மனிதன் என்று கட்டிய மனைவியே நினைக்கிறாளே என்று நெஞ்சு வலித்தது. கட்டிய படங்களை அவிழ்த்துப் பார்க்கக்கூட அன்றைக்கு மனம் வரவில்லை.

காலையில் அவர் கதவைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது சுஜீதா இறங்கி வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. தனுஜன் கோபமாக இருப்பதாகவும், இனிமேல் அந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். ஏன்பா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டாள்.

"அப்ப எம்பிலிப்பிட்டியவுலயே வீடு பாக்கச் சொல்லு," என்றார் மயில்வாகனம். "சீக்கிரமாப் பாக்கச் சொல்லு."

சுஜீதா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண், மாப்பிள்ளை, கால் கிலோ பருப்பு என்றாள். அவர் தராசுப் பக்கம் திரும்பினார்.