பூட்டிய மருந்தகத்தில் எரிந்த விளக்கு

பூம்பாறை மருந்தகம் மூடப்பட்டுவிட்டது. சுகாதார அதிகாரி இன்று காலை என்னிடம் இதை உறுதிப்படுத்தினார். இங்கிருந்த நர்சம்மா இனி கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் இருப்பார். ஒரே இடத்தில் நல்ல சிகிச்சை, அரசுக்குச் செலவும் மிச்சம் என்றார் அதிகாரி.

மாலையில் நான் ஏறியிருந்த கொடைக்கானல் கடைசி பஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றது. பூட்டிய மருந்தக வாசலில் அரிக்கேன் விளக்கு எரிந்தது.

"யாருங்க ஏத்துனது?" என்று கேட்டேன்.

"நாந்தாங்க," என்றார் பக்கத்து இருக்கைப் பூண்டு விவசாயி. "இருட்டாக் கெடந்தா மனசு கேக்கல."

அந்த விளக்கு எரிந்தால் நர்சம்மா இருக்கிறார் என்று எதிர்மலைக்காரர்களுக்கு அர்த்தம்.

அப்போது எதிர்ச்சரிவில் பந்தங்கள் தெரிந்தன. மூடுபனிக்குள் யாரையோ கம்பில் கட்டிய டோலியில் சுமந்து இறங்கினார்கள்.

"அய்யோ, நம்பி வாராங்களே!" விவசாயி ஓடிப்போய் விளக்கை அணைத்தார்.

பந்தங்கள் அப்படியே நின்றுவிட்டன.

"ஏன்யா அமத்துன? வந்திருந்தா நம்ம பஸ்ஸுலயே வெரசா கொண்டு போயிருக்கலாம்ல!" என்று கண்டக்டர் கத்தினார்.

விவசாயி மறுபடி ஏற்றினார். பந்தங்கள் அசையவில்லை. பிறகு திரும்பி மேலேறி ஒவ்வொன்றாக மறைந்தன.

பஸ் புறப்பட்டபோதும் அவர் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

டோலியில் இருந்தவர் என்ன ஆனார் என்பது காலை பஸ் வந்தால்தான் தெரியும். அதிகாரி சொன்ன மிச்சக் கணக்கில் டோலியில் வந்தவரை எந்தப் பக்கம் எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.