ஏறிக்கொண்டே போன சுருதி

என் அக்கா பழைய பதிகங்களை ஆராய்ச்சி செய்கிறவள். பல நூறு வருஷங்களுக்கு முன்னால் பாடப்பட்ட பாட்டுகளை இன்றைக்கும் கோயில்களில் பாடிவரும் ஓதுவார்கள் எந்தப் பண்ணில், எந்தச் சுருதியில் பாடுகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து, கேட்டு, எழுதுவது அவள் வேலை. ஆரணியில் எங்கள் தெருவில் இதை யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை.

"பொண்ணு பாட்டு டீச்சரா?" என்று அம்மாவிடம் கேட்பார்கள்.

"இல்ல, பாட்டப் பத்திப் படிக்கிறா."

"பாட்ட எதுக்குப் படிக்கணும்? பாடினா போதாதா?"

அம்மா அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விடுவாள்.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரேடியோ கடையில் ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கேசட் டேப்ரிக்கார்டரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவள் பதிவுக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஒரு பட்டியல் எழுதித் தருவேன்: காலி கேசட் ஆறு, ஹெட்டைத் துடைக்கப் பஞ்சு, கரண்டு ஒயர், புது பேட்டரி நாலு. பட்டியலை நாலாக மடித்துப் பர்சில் பத்திரமாக வைத்துக்கொள்வாள். பட்டியலில் உள்ளதைத்தான் மறந்துவிடுவாள்.

அவளுடைய ஆய்வேட்டில் பெரிய அத்தியாயம் பக்கத்துத் தெரு ஓதுவாரைப் பற்றியது. சிவன் கோயிலில் பாடுகிறவர், வயதானவர், சுருதிப்பெட்டி வைத்துக்கொள்ளாதவர். அவர் வீட்டில் எடுத்த ஒரு பதிகத்தின் பதிவில் ஓர் அதிசயம் இருந்தது. முதல் பாட்டுக்கும் பதினோராம் பாட்டுக்கும் நடுவில் சுருதி ஒரு முழு ஸ்வரம் ஏறியிருந்தது. ஒரே இடத்தில் தாவி ஏறவில்லை. பாட்டுக்குப் பாட்டு, காதுக்கே தெரியாமல் ஏறியது. வேறெங்கும் அழிந்துபோன பழைய முறை ஒன்று இவரிடம் தங்கியிருக்கிறது என்று அக்கா எழுதினாள். மெட்ராசில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு கருத்தரங்கில் அதையே படிக்கச் சொன்னார். ஆய்வேட்டை அந்த வருஷமே கொடுத்துவிட்டால் ஓர் இசைக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்குச் சிபாரிசு செய்வதாகவும் சொல்லியிருந்தார்.

கருத்தரங்குக்குப் பத்து நாள் இருந்தபோது அமாவாசை வந்தது. அமாவாசையன்று அப்பா உட்பட எங்கள் பக்கத்துக் கைத்தறி நெசவுக்காரர்கள் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குச் சரியாகக் கேட்பது அந்த ஒரு நாள்தான். அதனால் அக்கா அந்த கேசட்டை எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். அப்பா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டாவது பாட்டு போகும்போது கண்ணைத் திறந்தார்.

"இது எவன் தறி?"

பாட்டுக்குப் பின்னால் லேசாக ஒரு தறிச் சத்தம் இருந்தது. அதுவரை எங்களுக்கு அது கேட்டதே இல்லை. தறிச் சத்தம் எங்கள் காதில் விழுவதில்லை.

"ஓதுவாருக்குப் பக்கத்து வீடுப்பா. நீ பாட்டக் கேளு" என்றாள் அக்கா.

"பாட்டத்தான் கேட்டுகினு இருக்கேன். ஆனா இவன் இன்னாத்துக்கு இந்த ஓட்டம் ஓடறான்? மொதல்ல ஒழுங்காத்தான் அடிச்சான். இப்ப கடைசி பஸ்ஸ புடிக்கறவன் மாதிரி அடிக்கிறான். அவன எனக்குத் தெரியாதா? நாலு தடவ தறிப் பலகைய இழுத்தா ஒரு பீடி வேணும் அவனுக்கு."

அம்மாவும் அக்காவும் சிரித்தார்கள். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, கேசட்டைத் திரும்ப ஓட்டி, முதல் பாட்டிலும் கடைசிப் பாட்டிலும் தறியின் அடிகளை எண்ணினேன். முதலில் எட்டு அடி விழுந்த நேரத்தில் கடைசியில் ஒன்பது விழுந்தது. சுருதி ஒரு முழு ஸ்வரம் ஏறுவதற்கும் அதே எட்டுக்கு ஒன்பது கணக்குதான்.

"அக்கா, அன்னிக்கு கரண்டு இருந்துச்சா?"

"மத்தியானம் கரண்டு கட்டு. பேட்டரிலதான் எடுத்தேன்."

"புது பேட்டரியா?"

அக்கா பர்சைத் திறந்து, நாலாக மடித்த என் பட்டியலை எடுத்துப் பார்த்தாள்.

தீர்ந்துகொண்டே வரும் பேட்டரியில் டேப் சுற்றும் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அப்படிப் பதிவானதை வீட்டுக்கு வந்து கரண்டில் போட்டால், அது சரியான வேகத்தில் ஓடி, எல்லாவற்றையும் வேகமாகவும் மேலாகவும் காட்டும். ஓதுவார் பாடும்போது அக்கா வார்த்தைகளைக் குறித்துக்கொண்டிருந்தாள். சுருதியை வீட்டில் கேசட்டைக் கேட்டுத்தான் எழுதினாள்.

"ஏறினது அவர் இல்லக்கா. இறங்கினது பேட்டரி."

"நீ ரேடியோ ரிப்பேர் பண்றவ. உனக்குப் பண்ணப் பத்தி இன்னாடி தெரியும்?"

"அவளுக்குத் தெரியாதும்மா" என்றார் அப்பா. "எனக்குத் தறி தெரியும்."

அக்கா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என்னை எழுப்பி, "புது பேட்டரி நாலு வாங்கினு வா. நீயும் என்கூட வரணும்" என்றாள்.

ஓதுவார் எங்களைப் பார்த்ததும், "இன்னாமா, மறுபடியும் மிஷினத் தூக்கினு வந்துட்டீங்க? போன தடவ பாடினது தேஞ்சுபோச்சா?" என்றார். பதினோரு பாட்டையும் திரும்பப் பாடினார். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் அக்கா சுருதி பார்க்கும் சின்னக் குழலை மெதுவாக ஊதிப் பார்த்தாள். ஆணி அடித்தது போல அதே இடத்தில் நின்றது அவர் குரல்.

"இன்னாமா மூஞ்சி பேஜாரா இருக்குது? தப்பாப் பாடிட்டேனா?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அத்தியாயம், கருத்தரங்கு, வேலை. அவர் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அவ்ளோதானா? ஏத்திப் பாடணும், அதானே? எவ்ளோ ஏத்தணும்னு சொல்லு. படிப்புக்குத்தான கேக்குற."

சொன்னதோடு நிற்காமல் பாடவும் தொடங்கிவிட்டார். இரண்டாம் பாட்டில் ஒரு நூல் ஏறியது, மூன்றாம் பாட்டில் இன்னொரு நூல். அவ்வளவு நுணுக்கமாக ஒரு குரல் ஏறி நான் கேட்டதில்லை. டேப் ஓடிக்கொண்டிருந்தது, புது பேட்டரியோடு. அந்த கேசட்டைக் கொண்டுபோனால் யாராலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் நான்காம் பாட்டு வரைக்கும் கேட்டாள். பிறகு கையை நீட்டி டேப்பை நிறுத்தினாள்.

"வேணாங்கய்யா. நீங்க தினமும் கோயில்ல பாடறதுதான் எனக்கு வேணும்."

"தினமும் பாடறதக் கோயிலுக்கு வந்தா சும்மாவே கேக்கலாமே. அதுக்கு எதுக்கு மிஷினு?" என்றார் அவர். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

பேராசிரியருக்கு எழுதவேண்டிய கடிதத்தை அக்கா மூன்று முறை எழுதினாள். முதல் கடிதத்தில் தப்பு மின்வெட்டின் மேல் இருந்தது. இரண்டாவதில் டேப்ரிக்கார்டரின் மேல். மூன்றாவதில், பழைய பேட்டரியோடு பதிவு செய்தது தன் தப்புதான் என்று எழுதி, கருத்தரங்கிலிருந்து கட்டுரையை எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தாள். அதைத்தான் உறையில் போட்டாள். கல்லூரி வேலை வேறொருவருக்குப் போனது. ஆய்வேடு ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதற்குள் பேட்டரியில் எடுத்த மற்ற கேசட்டுகளையும் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டோம். இன்னும் மூன்றில் சுருதி நகர்ந்திருந்தது. அந்த மூன்று ஊருக்கும் அக்கா திரும்பப் போனாள். அதில் ஒன்றான சேத்துப்பட்டுக்கு நானும் போனேன்.